நிழல் இல்லாத நாடு

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு வியப்பைத் தரலாம். இறந்தவர்கள் ஆளும் ஒரு நாட்டைக் கற்பனையில் எப்படி அமைப்பது என்பதே அந்தப் பொருள். இலக்கிய நிகழ்ச்சியில் இது என்ன பேச்சு என்று வானொலியை நிறுத்திவிடாதீர்கள். இந்தக் கேள்வியை நான் தேடிப் போகவில்லை. அது எங்கள் வீட்டு விறாந்தைக்கே வந்து சேர்ந்தது.

வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதியில் இருக்கிறது எங்கள் பூவரசங்குளம். பாடசாலை விடுமுறை நாட்களில் என் பேரனும் அவன் தோழர்கள் நால்வரும் விறாந்தையிற் கூடி ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். பலகை இல்லை, காய்கள் இல்லை. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, 'நான் இந்தக் கதவைத் திறக்கிறேன்', 'நான் அந்தக் கிழவனிடம் வழி கேட்கிறேன்' என்று கதைக்குள் நடப்பார்கள். எடுத்த காரியம் கைகூடுமா என்பதைத் தாயக்கட்டை போன்ற பல முகக் கட்டைகளை உருட்டித் தீர்மானிப்பார்கள். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வெளியிட்ட விளையாட்டின் வழிவந்தது இது. கதை சொல்பவரின் வேலை ஏறத்தாழ நமது கூத்து அண்ணாவியாரின் வேலைதான். களத்தை அவர் அமைப்பார், ஆடுவது மற்றவர்கள்.

ஒரு நாள் பேரன் என்னிடம் வந்தான்.

"அம்மப்பா, செத்த ஆக்கள் ஆளுற ஒரு நாடு எங்களுக்கு வேணும். அரசன், சனம், சட்டம் எல்லாம் இருக்கவேணும். தமிழிலை அப்பிடி ஏதும் இருக்கோ?"

எனக்குக் கோபம் வந்தது. "இந்த மண்ணிலை இருந்துகொண்டு உதுவோ விளையாட்டு? வேறை ஏதும் விளையாடுங்கோ" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் ஒன்றும் பேசாமற் போய்விட்டார்கள்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. தமிழில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று அவன் கேட்டதற்கு நான் பதில் சொல்லவேயில்லை என்பது உறுத்தியது. உண்மையான பதில், இருக்கிறது என்பதுதான். எண்ணூறு, தொளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழ்ப் புலவர் அந்த நாட்டை மண், கோயில், குடி, வழக்கு, பஞ்சம், பந்தி என்று ஒவ்வொன்றாக அமைத்து வைத்திருக்கிறார். அவர் சயங்கொண்டார். நூல், கலிங்கத்துப்பரணி.

1070இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்க சோழனின் படை, கருணாகரத் தொண்டைமான் தலைமையிற் கலிங்கத்தின்மேற் சென்று, அனந்தவர்மன் சோடகங்கனை வென்றது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த அந்தப் போரைப் பாடுவதே நூலின் நோக்கம். ஆனால் போர் நூலின் பிற்பகுதியிலேதான் வருகிறது. அதற்கு முன் 'காடு பாடியது', 'கோயில் பாடியது', 'தேவியைப் பாடியது', 'பேய்களைப் பாடியது' என்று பகுதி பகுதியாகக் காளியின் நாடு எழுப்பப்படுகிறது. ஒரு புதிய உலகத்தை அமைக்க விரும்பும் பிள்ளை எந்த ஒழுங்கிற் போகவேண்டும் என்பதை அந்தத் தலைப்புகளே கற்பிக்கின்றன. முதலில் நிலம், பிறகு ஆட்சிபீடம், பிறகு ஆள்பவர், பிறகு குடிகள்.

நிலத்தை நோக்குவோம். மேல்நாட்டுக் கதைகளில் இறந்தோர் நாடு என்றால் இருள், குளிர், மூடுபனி. சயங்கொண்டாரின் பேய்நாட்டில் உச்சிவெயில் கொளுத்துகிறது. மரங்கள் காய்ந்து வெடித்து நிற்கின்றன. எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது அங்கே நிழலுக்கு நேர்ந்த கதிதான். மேலே பருந்து பறக்கும்போது அதன் நிழல் தரையில் ஓடுகிறதல்லவா? அந்த நிழல், இக்காட்டுக்கு அஞ்சித் தப்பியோடும் நிழலைப் போலிருக்கிறது என்கிறார். நின்ற நிழலையும் வெயில் குடித்துவிடும் என்ற பயத்தில் நிழலே அங்கிருந்து குடிபெயர்ந்து போய்விட்டதாம்.

வன்னியில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆடி ஆவணியிற் குளம் வற்றி, அடித்தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் பூமி இது. உச்சிப்பொழுதிற் புளியடிக்குப் போகாதே, பேய் உலாவும் நேரம் என்று பெரியவர்கள் நம்மைத் தடுத்தார்களே, அந்தப் பயம் வெயிலின் பயம். பூவரசு நிற்கிறது என்பதாலேயே ஒரு குளத்துக்குப் பெயர் வந்த ஊர் எங்களுடையது. நிழல் எங்களுக்கு ஊர்ப்பெயராகும் அளவுக்குப் பெரிய விடயம். நம் பிள்ளைகள் பேய்நாடு ஒன்றை அமைப்பதானால் பனிமூட்டத்தைக் கடன் வாங்க வேண்டியதில்லை. நிழலை எடுத்துவிட்டாற் போதும்.

அடுத்தது கோயில். பகை மன்னரின் தேவியர் அணிந்திருந்தவை அத்திவாரத்தில், தலைகள் கல்லாக, குருதியும் நிணமும் சாந்தாக. கோயில் வாசலில், தன் தலையைத் தானே அரிந்து காளியின் கையிற் கொடுக்கும் வீரனைக் காட்டுகிறார். கொடுத்த தலை தேவியை வாழ்த்துகிறது; தலையற்ற உடல் கும்பிட்டபடி நிற்கிறது. இதை வெறும் பயங்காட்டல் என்று தள்ளிவிட முடியாது. இந்த நாட்டில் ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் உள்ள உறவு என்ன என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. உடலைக் கொடுத்த பிறகும் கும்பிடு ஓயவில்லை. அரசியல் படித்தவர்கள் இதைப் பல பக்கங்களில் எழுதுவார்கள். புலவர் ஒரு தாழிசையில் முடித்துவிடுகிறார்.

இனிக் குடிகள். பேய்களுக்கு வாய் குகையோடு போட்டி போடுவது. கையும் காலும் பனங்காடு போல நீண்டவை. வயிறோ என்றும் நிரம்பாதது. முடம், குருடு, ஊமை, செவிடு, கூன் எனப் பலவகைப் பேய்கள் அங்கே உண்டு. சோழரின் முந்திய போர்களோடும் செயல்களோடும் அந்த ஊனங்களைத் தொடர்புபடுத்திக் காரணம் சொல்கிறார் சயங்கொண்டார். ஆகவே பேய்களுக்கு வரலாறு இருக்கிறது. வாழ்வோர் நாட்டில் நடந்த ஒவ்வொரு போரும் பேய்நாட்டின் ஓர் உடலிற் பதிவாகியிருக்கிறது.

இந்த நாட்டை ஓட்டும் விசை எது? பசி. நூலில் 'பேய் முறைப்பாடு' என்றே ஒரு பகுதி உண்டு. குடிகள் அரசியின் முன் வந்து, பசி பொறுக்க முடியவில்லை என்று முறையிடுகின்றன. அதற்கு முன்னால் 'இந்திரசாலம்' என்ற பகுதி. இமயத்திலிருந்து திரும்பிவந்த ஒரு முதிய பேய், தான் கற்ற மாயவித்தையைக் காளிக்குக் காட்டுகிறது. திடீரென்று ஒரு போர்க்களம், பிணக்குவியல், இரத்த ஆறு. பசித்த பேய்கள் பாய்ந்து விழுந்து அள்ளுகின்றன. கையில் எதுவும் இல்லை. வெறும் வாயை மெல்லுகின்றன. ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. கடைசியில் இந்த வித்தையை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகின்றன. படிக்கும்போது சிரிப்பு வரும். சிரித்த கையோடு பரிதாபமும் வரும். பசித்தவனுக்குச் சோற்றின் படத்தைக் காட்டுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

இங்கேதான் சயங்கொண்டாரின் அமைப்பிலுள்ள பெரிய விதி வெளிப்படுகிறது. வாழ்வோர் சமாதானமாக இருந்தாற் பேய்நாட்டிற் பஞ்சம். வாழ்வோர் போர் செய்தாற் பேய்நாட்டில் விருந்து. இரண்டு நாடுகளும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். பேய்நாட்டுக்குத் தனி வயல் இல்லை, தனிக் குளம் இல்லை; அது வாழ்வோரின் நாட்டை நம்பியே பிழைக்கிறது. நிழல் நாடு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. உருவம் இல்லாமல் நிழல் விழாது.

மேல்நாட்டு விளையாட்டுக்காரரும் இதற்குப் பக்கத்தில் வந்திருக்கிறார்கள். ட்ரேசி ஹிக்மன், லோரா ஹிக்மன் தம்பதியர் 1983இல் எழுதிய 'ரேவன்லொஃப்ட்' என்ற விளையாட்டுக் கதையில், இரத்தம் குடிக்கும் ஸ்ட்ராட் என்ற பிரபு ஒரு நாட்டை ஆளுகிறான். தம்பியின் மணநாளன்று தம்பியைக் கொன்றவன் அவன். அவன் விரும்பிய மணப்பெண் மதிலிலிருந்து குதித்து அவன் கைக்கு எட்டாமற் போய்விட்டாள். தன் நாட்டை விட்டு அவனாலும் வெளியேற முடியாது; அங்கே அரசனே கைதி. அந்தக் கதை இன்றும் விரும்பி விளையாடப்படுவதற்குக் காரணம் அவனுடைய பற்கள் அல்ல என்றே நினைக்கிறேன். அவனிடம் தீராத ஒரு பசி இருக்கிறது. பசி இல்லாத பேய் பொம்மைதான்.

கலிங்கத்துக்கு வருவோம். போர் முடிந்தது. காளி களத்துக்கு வருகிறாள். பேய்களைப் பல் விளக்கி, நாக்கு வழித்து, எண்ணெய் வைத்துக் குளித்து, ஆபரணம் பூட்டிக்கொண்டு சமைக்கச் சொல்கிறாள். முரசு உரலாகிறது, யானைக்கொம்பு உலக்கையாகிறது, தோற்றவரின் பற்கள் அரிசியாகின்றன, அம்பும் வேலும் விறகு, தலையும் காலும் அற்ற யானையுடல் பானை. குற்றும்போது பாட்டும் உண்டு. அந்தப் பாட்டு வென்ற அரசனின் புகழ். கூழ் காய்ந்ததும் பந்தி வைக்கப்படுகிறது. பார்ப்பனப் பேய் வருகிறது. சமணப் பேய்க்கு மயிர் இல்லாமற் துணியில் வடித்து ஊற்றவேண்டும். புத்தப் பேய் வருகிறது. குருட்டுப் பேய், ஊமைப் பேய், சூற்பேய், விருந்தாக வந்த பேய் என்று ஒருவரும் விடுபடவில்லை. உண்டு முடிந்ததும் குதிரையின் செவியை வெற்றிலையாக மெல்லுகின்றன.

இந்தப் பந்தியை இளமையில் நகைச்சுவை என்றே படித்தேன். அப்படித்தான் வகுப்பிலும் கற்பித்தார்கள். இன்று அப்படி மட்டும் படிக்க முடியவில்லை. கூழும் கஞ்சியும் நமக்கு வெறும் சொற்கள் அல்ல. 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சிக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். அதை நினைத்து மே மாதத்திற் கஞ்சி காய்ச்சிப் பகிரும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது. பரணி வென்றவனைப் பாடும் நூல். பானையில் வேகுவதோ தோற்றவனின் பல். இந்த இரண்டையும் ஒன்றாகக் கண்முன் வைத்துக்கொண்டு படிக்கத் தெரிவதும் இலக்கிய வாசிப்பின் ஒரு பகுதி என்று கருதுகிறேன்.

அந்தக் களத்திலேயே இன்னொரு காட்சி இருக்கிறது. விருந்துக்கு முன் வருவதால் பலர் கடந்து போய்விடுவார்கள். இறந்த வீரர்களின் மனைவியர் கணவரைத் தேடிப் பிணக்காட்டில் அலைகிறார்கள். ஒருத்தி, தன் கணவன் கிடக்கும் இடம் எது என்று பிணம் தின்னும் இடாகினியிடமே கேட்கிறாள். யோசித்துப் பாருங்கள். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. யாரைக் கண்டால் எல்லோரும் அஞ்சி ஓடுவார்களோ, அவரிடமே போய்க் கேட்கிறாள். இடாகினி என்ன பதில் சொன்னாள் என்பதைப் புலவர் நமக்குச் சொல்லவில்லை. கேள்வி மட்டும் களத்தில் நிற்கிறது.

இதே கேள்வியோடு பேய்நாட்டு வாசலுக்கு வந்த இன்னொரு பெண்ணையும் தமிழ் அறியும். அவள் மணிமேகலைக் காப்பியத்திற் சக்கரவாளக்கோட்டம் பற்றிய காதையில் வரும் கோதமை. மக்கள் சுடுகாட்டுக் கோட்டம் என்று அழைத்த அந்த இடத்துக்கு மதில் உண்டு. நான்கு வாயில்கள் உண்டு. ஒன்று தேவர் புகும் கொடி வாயில். ஒன்றில் நெல்லும் கரும்பும் நீரும் சோலையும் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்றிலே பாசமும் சூலமும் பிடித்த மண்ணுருவம் காவல் நிற்கிறது. மற்றொன்று வெள்ளைச் சுதை பூசிய வெறும் வாயில். அதில் ஓர் உருவமும் எழுதப்படவில்லை. நான்கிலும் எனக்கு அச்சம் தருவது அந்த வெறும் வாயில்தான். உள்ளே எரிப்போர், வெறுமனே இட்டுப் போவோர், குழியிற் புதைப்போர், தாழியிற் கவிப்போர் என்று அவரவர் வழக்குக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கோட்டத்துக்குள் தெரியாமற் புகுந்த சார்ங்கலன் என்ற சிறுவன், பேயின் ஆட்டத்தைக் கண்டு அஞ்சி ஓடிவந்து தாய்க்கு முன்னால் உயிரை விட்டான். கண் தெரியாத கணவனையுடைய அந்தத் தாய், மகனின் உடலைச் சுமந்துகொண்டு சம்பாபதித் தெய்வத்தின் வாசலுக்குப் போனாள். என் உயிரை எடுத்துக்கொண்டு மகனின் உயிரைத் தா என்று கேட்டாள். அது முடியாது என்றது தெய்வம். நம்பிக்கை வராத தாய்க்காகச் சக்கரவாளத்துத் தேவர் எல்லோரையும் அழைத்துக் காட்டியது. அவர்களும் அதையே சொன்னார்கள். அந்தக் கூட்டத்தின் நினைவாகவே மயன் அங்கே சக்கரவாளத்தின் வடிவத்தை அமைத்தான் என்கிறது காப்பியம். தேவர்களாலும் மீற முடியாத ஒரு சட்டம். ஆனாலும் ஒரு தாய் கேட்டதற்காக அத்தனை தேவரும் வந்து நேரே பதில் சொல்ல வேண்டியிருந்தது. 'இல்லை' என்பதுகூட ஒரு பதில்தான். அதையும் சொல்லாமல் விடுவது வேறு.

காரைக்காலம்மையார் பாடிய திருவாலங்காட்டிலும் ஒரு பேய்த் தாய் வருகிறாள். அங்கே போன தாய் திரும்பி வராததால் அழுது அழுது தானே உறங்கிவிடும் ஒரு பேய்க்குழந்தை. தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்ட அம்மையாருக்குச் சுடுகாட்டில் அந்தப் பிள்ளை கண்ணிற் பட்டிருக்கிறது. இறந்தோர் நாட்டைப் பாடிய நம் பெரியவர்கள் எல்லோரும் அதற்குள் யாரோ ஒருவரைத் தேடும் ஒருவரை வைத்துவிட்டே போயிருக்கிறார்கள்.

மறுநாட் காலை பிள்ளைகளைக் கூப்பிட்டேன். நேற்றுச் சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டு, இவற்றையெல்லாம் சொன்னேன். மூன்று விடயங்களை மட்டும் நினைவில் வைத்திருங்கள் என்றேன். உங்கள் பேய்நாட்டுக்கு உங்களுக்குத் தெரிந்த வெயிலும் மண்ணும் இருக்கவேண்டும். அங்குள்ளவர்களுக்கு ஒரு பசியும், யாராலும் மீற முடியாத ஒரு சட்டமும் இருக்கவேண்டும். உயிரோடு ஒருவர் அங்கே போவதற்கு உண்மையான காரணம் இருக்கவேண்டும்; புதையல் எடுக்கப் போவது போதாது.

இரண்டு நாள் கூடியிருந்து அமைத்தார்கள். நிழல் இல்லாத ஒரு நாடு. எல்லையில் மட்டும் ஒரு பூவரசு; வாழ்வோர் அதுவரை வந்து இளைப்பாறலாம். சட்டம் என்ன என்பதில் நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அந்தக் கூட்டத்திலுள்ள ஒரே பெண்பிள்ளை சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். உயிரோடுள்ள ஒருவர் வாசலில் வந்து ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் எங்கே என்று கேட்டால், அந்த நாட்டில் உள்ளவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். பொய் சொல்லக்கூடாது, பேசாமல் இருக்கவும் கூடாது. பதில் கிடைத்ததும் அந்தப் பெயருக்குரியவர் விடுதலையாகிப் போய்விடுவார்.

"அப்ப அரசனுக்கு என்ன பசி?" என்று கேட்டேன்.

பேரன் சொன்னான்: "எல்லாருக்கும் பதில் சொன்னா, நாட்டிலை ஆள ஆக்கள் இருக்காதெல்லோ, அம்மப்பா. அதாலை கேக்க வாற சனத்தை வாசலுக்கு வரவிடாமல் மறிக்கிறதுதான் அவன்ரை வேலை."

எனக்கு மேற்கொண்டு பேச்சு வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்திற் குந்தினார்கள். கையிற் படத்தோடு, ஒரே ஒரு கேள்வியோடு தொடங்கிய அந்தப் போராட்டம் 2,000 நாட்களையும் கடந்து நடந்தது. அந்தக் கொட்டிலைத் தாண்டித்தான் எங்கள் பிள்ளைகள் வவுனியா நகருக்குப் போய் வந்தார்கள். அவர்கள் பார்க்கவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். சட்டத்தைச் சொன்ன அந்தப் பிள்ளையின் வீட்டு நிலையை நான் இங்கே சொல்லத் தேவையில்லை.

சயங்கொண்டார் களத்தில் விட்டுப்போன கேள்விக்கு, எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்த பிள்ளைகள் ஒரு சட்டம் எழுதியிருக்கிறார்கள். விளையாட்டில் எழுதிய சட்டந்தான். கட்டையை உருட்டி விளையாடும்போது அரசன் சில நாட்களில் வெல்கிறான். சில நாட்களில் வாசலுக்கு ஆட்கள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். போய்ச் சேரும் நாளில் பிள்ளைகள் போடும் சத்தம் குளக்கட்டு வரைக்கும் கேட்கும்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படியொரு நாட்டைக் கேட்டு வரலாம். என்னைப் போல முதலிற் கோபிக்காதீர்கள். பரணியையும் மணிமேகலையையும் எடுத்துக் கொடுங்கள். உச்சிவெயிலில் நிழல் ஓடிய காட்டையும், உருவம் எழுதாத வெறும் வாயிலையும் அவர்கள் பார்க்கட்டும். அதற்குமேல் என்ன கட்டவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.